மழைக்காட்டுப் பறவைக் கணக்கெடுப்பு: ஒலிப்பதிவுக் கருவியா, ஆளா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் பறவைகளைக் கணக்கெடுப்பது பெரும்பாலும் காதால் செய்யும் வேலை. ஓரிடத்தில் நின்று குறித்த நிமிடங்களுக்குள் கண்டதையும் கேட்டதையும் எழுதிக்கொள்ளும் புள்ளிக் கணக்கெடுப்பில் பதிவாகும் பறவைகளுள் பல, இலையடர்த்தியின் காரணமாகக் கண்ணில் படாமல், குரலைக் கொண்டே இனங்காணப்படுகின்றன. கேட்பதுதான் வேலை என்றால் அதைக் கருவியிடமே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. எங்கே என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்பதை அறியக் கருவி மிக நல்ல துணை; எத்தனை பறவைகள் என்று கேட்டால் ஆள் இல்லாமல் முடியாது என்பதே என் முடிவு.

உள்ளங்கையில் அடங்கும் ஆடியோமாத் என்ற தானியங்கி ஒலிப்பதிவுக் கருவி மூன்று பென்சில் பேட்டரிகளில் இயங்குகிறது. யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் விடியலுக்கு முன் ஆளை அனுப்ப நாம் தயங்கும் நேரத்தில், அது மரத்தில் கட்டியபடி கேட்டுக்கொண்டிருக்கும். தவளைவாயன், பக்கி, ஆந்தைகள் போன்ற இரவுப் பறவைகளும், விடியற்காலையிலும் அந்தியிலும் சிறிது நேரம் மட்டும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவியும் காலை நடையில் எளிதில் தவறிவிடும், கருவியில் அகப்பட்டுவிடும். ஐயம் வந்தால் பதிவைத் திரும்பக் கேட்கலாம், இன்னொருவரிடம் கொடுத்தும் சரிபார்க்கலாம். களக்குறிப்பேட்டில் எழுதிய ஒரு பெயரை அப்படிச் சோதிக்க வழியில்லை.

சிக்கல் தொலைவில் தொடங்குகிறது. பழகிய நோக்குநர் ஒரு குரல் 50 மீட்டருக்குள் வருகிறதா, அப்பாலிருந்து வருகிறதா என்று ஓரளவு மதிப்பிட்டு எழுதுவார். ஒற்றை மைக்ரோஃபோனில் விழுந்த ஒலி அதை நேரடியாகச் சொல்வதில்லை. மலை இருவாச்சியின் முழக்கம் பள்ளத்தாக்கைக் கடந்து வரும். பூங்கொத்தியின் மெல்லிய ‘டிக் டிக்’ சில மரங்களைத் தாண்டுவதற்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே பரப்பிலிருந்து வந்தவையாகக் கொண்டு ஒப்பிட்டால் முடிவு பிசகும். பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கேட்கும் எல்லையைச் சமப்படுத்திப் பார்த்தபோது, கருவிக்கும் மனிதருக்கும் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. இரண்டில் எது மேல் என்று வாதிடும் பலர் இந்த எல்லையைக் கவனிக்காமலே பேசுகிறார்கள்.

எண்ணிக்கை இன்னும் கடினம். ஒரு குக்குறுவான் ‘குட்ரூ, குட்ரூ’ என்று தொடங்கினால் அடுத்த மரத்திலிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும், சற்று நேரத்தில் நாலாபுறமும் அதே குரல். களத்தில் நிற்பவர் தலையைத் திருப்பித் திசை பிரித்து, மூன்றா நான்கா என்று சொல்லிவிடுவார். ஒற்றைத் தடத்துப் பதிவில் அது வெறும் கூவல் தொடர்தான். அதிகம் கூவுவதும் அதிகம் இருப்பதும் ஒன்றல்ல. துடுப்புவால் கரிச்சான் வேறு பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும். கழுகின் ஓசை கேட்டு நிமிர்ந்து, கிளையில் கரிச்சானின் நீண்ட வால் தொங்குவதைக் கண்டு உண்மையை அறியும் வாய்ப்பு களத்தில் உண்டு, பதிவில் இல்லை. மரக்கூரைக்கு மேல் ஓசையின்றி மிதக்கும் கருங்கழுகு பதிவில் வருவதே இல்லை.

பதிவுகள் குவிவதும் ஒரு சுமை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்ற அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 345 எம்பி சேரும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் உருவாக்கிய, குரலைக் கொண்டு பறவையை இனங்காணும் பேர்ட்நெட் மென்பொருள் இதைச் சலித்துத் தரும். ஆனால் ஒவ்வொரு இனங்காணலுக்கும் அது தரும் நம்பிக்கை மதிப்பெண்ணை, அது சரியாக இருப்பதற்கான நிகழ்தகவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இனத்துக்கு இனம் அதன் பொருள் மாறும். சில்வண்டுகளின் இரைச்சலும் மழையும் கலந்த நம் காட்டுப் பதிவுகளில் அது சொல்வதை இங்குள்ள பறவைக் குரல்களை அறிந்தவர் கேட்டுச் சரிபார்த்தாக வேண்டும். அத்தகைய காதுகள் களத்தில் நடந்துதான் உருவாகின்றன என்பதால், கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை உள்ளூர் இளைஞர்களுக்குக் குரல் பயிற்சி தரச் செலவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் பருவத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் கருவியையும் ஆளையும் ஒரே நிமிடங்களில் வைத்துப் பாருங்கள். எந்த இனம் எதில் விடுபடுகிறது என்பது அந்தக் காட்டுக்கே உரிய கணக்கு. வேறு காட்டின் கணக்கை இங்கே எடுத்துப் போட முடியாது.