நான் சிந்திய சேறு

பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்குப் போக வர எனக்குச் சைக்கிள்தான். ஒரே சாலையைப் பகலில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் பார்த்தவன். இருந்தும் இரண்டையும் சேர்த்து யோசிக்க, முழங்கை கிழிய வேண்டியிருந்தது.

அறுவடை நேரம். ஈர வயலிலிருந்து நாள் முழுக்க டிரெய்லரில் நடை அடித்தேன். பின் டயரின் பள்ளங்களில் அப்பிய களிமண் வயல் வாசலிலேயே விழுந்துவிடாது. மெதுவாகத் திரும்பும்வரை ஒட்டிக்கொண்டு வரும். தார் ரோட்டில் வேகம் பிடித்த பிறகுதான் கட்டி கட்டியாகத் தெறிக்கும். அதனால் சேறு கிடப்பது வாசலில் அல்ல, அதைத் தாண்டிய வளைவில். ஓட்டுகிறவனுக்கோ எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. விழுவதெல்லாம் முதுகுக்குப் பின்னால்.

அன்று மாலை லேசான தூறல். கட்டிகளைப் பார்த்துப் பார்த்து விலக்கினேன். என்னைச் சாய்த்தது அவை அல்ல. வண்டிகள் ஏறி ஏறி நசுக்கிய மண், தூறலில் ஊறி, ரோட்டின் மேல் ஒரு பழுப்புப் பூச்சாகப் படிந்திருந்தது. சைக்கிள் டயர் தரையைத் தொடுவதே கட்டைவிரல் அளவு இடத்தில். வளைவில் சாய்ந்தபடி முன் பிரேக்கைத் தொட்டேன். முன்சக்கரம் வழுக்கியது தெரிவதற்குள் தரையில் கிடந்தேன். எழுந்து பார்த்தால் மட்கார்டுக்குள் அடைத்திருப்பதும் அதே மண், காலையிலிருந்து நான் இறைத்தது.

பெருமழை என்றால் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போகும். தூறல்தான் மோசம். காய்ந்தாலும் நிம்மதி இல்லை, டயர் தடம் கல்லாக இறுகி முன்சக்கரத்தைத் தன் போக்கில் இழுக்கும். வேலி வெட்டிய நாட்களில் முள் தனிக் கதை. ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காவிட்டால், அதே முள் புது ட்யூபையும் குத்தும்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.

"மழை வந்தா தானா கழுவிக்கும்பா."

"அண்ணே, நேத்து மழை வந்துதான் நான் விழுந்தேன்."

சிரித்தார். ஆனால் மண்வெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு நடைக்கும் வயல் வாசலில் நிறுத்தி டயரைச் சுரண்டினேன். நாள் முடிவில் ரோட்டையும். முதல் நாள் அவசரப்பட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பெருக்கினேன். குழம்புதான் ஆயிற்று. முதலில் சுரண்டி அள்ள வேண்டும், தண்ணீர் பிறகு, அதுவும் ஓடுகிற அளவுக்கு. வளைவுக்கு முன்பே இருபுறமும் எச்சரிக்கைப் பலகை வைத்தோம். பலகை வைத்தாயிற்றே என்று சுரண்டாமல் விடுகிறவர்களும் உண்டு. அதில் எனக்குச் சம்மதமில்லை. இருட்டில் வருகிற சைக்கிள்காரர் பலகையை எங்கே பார்க்கப்போகிறார்?

இப்போது வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். ஆனால் மண்வெட்டி எடுத்த முதல் நாள் மாலை அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டேதான் போனேன், நானே சுரண்டிய ரோடுதான் என்றாலும்.