நேசமணிக்குத் தலை சுற்ற வேண்டும்

இந்த வருடக் கொலுவில் கடைசிப் படியை எனக்கே தருவதாக அம்மா ஆடி மாதமே சொல்லிவிட்டாள். "மேல இருக்கற தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார் கடையெல்லாம் என் பொறுப்பு. கீழ்ப்படியில உனக்குப் பிடிச்சதைச் செஞ்சு வச்சுக்கோடி." யாரைச் செய்வது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காண்ட்ராக்டர் நேசமணிதான்.

2001-ல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில், வெள்ளையடிக்கும் காண்ட்ராக்டர் நேசமணியாக நடித்த வடிவேலுவின் தலையில் ஒரு சுத்தியல் விழும். 2019 மே மாதக் கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம்மூர்க்காரர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இது நேசமணி தலையில் விழுந்த கதையையும் சேர்த்துச் சொல்ல, விஷயம் தெரியாதவர்கள் நிஜமாகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று விசாரிக்க, அவர் பிழைக்க வேண்டும் என்று ஊரே ட்விட்டரில் வேண்டிக்கொண்டது. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தோம். எந்தத் தலைவரும் நடிகரும் ஒருங்கிணைக்காமல் தமிழ்நாடு முழுக்கச் சேர்ந்து செய்த விளையாட்டு அது. கொலுவில் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சும்மா உட்கார்ந்திருக்கும் பொம்மையாக இருந்தால் போதாது. சுத்தியல் பட்டதும் தலை ஆட வேண்டும். அதற்கு நம்மிடம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை இருக்கிறது. 2008-09-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவினை. நடனமாடும் பெண் பொம்மை ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. மெதுவாகக் கழற்றிப் பார்த்தேன். தலை, மார்பு, பாவாடை என்று தனித்தனியாக வந்தது. ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் ஒரு கம்பி முனையில் தொங்குகிறது. நாம் பார்ப்பது மேலே உள்ள அழகு. ஆட்டத்தை நடத்துவது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் எடை.

முதல் வாரம் முழுக்கக் காகிதக்கூழ்தான். பழைய செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "வெந்தயம் போட்டியா?" என்றாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த குடத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்துக் கூடை செய்வார்களாம். வெந்தயத்தின் வழுவழுப்புதான் அதற்குப் பசை. நானும் ஒரு கைப்பிடி போட்டேன். ஆட்டுக்கல்லில் அரைக்க அரைக்கத் தாளின் எழுத்துகள் கரைந்து, சாம்பல் நிறத்தில் இட்லி மாவு மாதிரி ஒரு கூழ் வந்தது. விரலில் எடுத்தால் வழுக்கும். உருட்டி வைத்தால் அப்படியே நிற்கும். அந்தப் பதத்தை எந்த வீடியோவிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை வைத்தால்தான் புரியும்.

பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தேன். பொம்மை செய்பவர்கள் காலம்காலமாகச் செய்வதுதான். ஆனால் துத்தம் விஷம். அதற்கென்று ஒரு பழைய டப்பா, ஒரு குச்சி ஒதுக்கிவிடுங்கள். துத்தம் கலந்த எதையும் ஆட்டுக்கல், மிக்ஸி பக்கம் கொண்டுபோகக் கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் துத்தமே வேண்டாம், நன்றாகக் காயவைத்தாலே கொலுவுக்குத் தாங்கும்.

தலைக்கு அச்சு, பெட்டிக்கடை பிளாஸ்டிக் பந்து. தேங்காய் எண்ணெய் தடவி, மேலே கூழை அப்பி, மொட்டை மாடியில் வைத்தேன். ஆவணியில் தினமும் சாயங்காலம் மழை. காய ஐந்து நாள் ஆனது. காய்ந்ததும் ரம்பப் பிளேடால் பாதியாக அறுத்து, பந்தை எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டினேன். சமையலறைத் தராசில் வைத்தால் 85 கிராம்! கையில் பிடித்தாலே கனத்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாவது தலைக்குக் கூழையே தொடவில்லை. தாள் கீற்றுகளைப் பசையில் நனைத்து மூன்று அடுக்கு மட்டும் ஒட்டினேன். மூக்கு, காது, மீசை, புருவம் இவற்றுக்கு மட்டும் கூழ். 38 கிராமில் நின்றது.

அடுத்தது கம்பி வேலை. கழுத்து மட்டத்தில் குறுக்காக ஒரு கட்டுக்கம்பி. அது உடம்பின் கழுத்து ஓட்டையில் வெட்டிய இரண்டு பள்ளங்களில் உட்காரும். தலைக்குள் இருந்து ஒரு நேர்க்கம்பி கீழே இறங்கி உடம்புக்குள் தொங்கும். அதன் நுனியில் இரும்பு நட்டுகள். குறுக்குக் கம்பிக்கு மேலே இருக்கும் தலையைக் கீழே இருக்கும் நட்டுகள் ஜெயிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. சீசாப் பலகையில் ஒல்லிப் பையன் தள்ளிப்போய் உட்கார்ந்து குண்டுப் பையனைத் தூக்குவது மாதிரி, எடையும் தூரமும் சேர்ந்துதான் பேசும்.

என் தலையின் 38 கிராம் குறுக்குக் கம்பிக்கு 5 செ.மீ. மேலே. பெருக்கினால் 190. நட்டு ஒவ்வொன்றும் 15 கிராம், மூன்று நட்டு 45 கிராம். அதை 6 செ.மீ. கீழே கட்டினால் 270. தலை ஆடியது! ஆனால் சட்சட்டென்று வேகமாக ஆடியது. மேனேஜர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் உதவியாளர் மாதிரி இருந்தது. சுத்தியல் பட்டவர் அப்படியா ஆட்டுவார்? கிறுகிறுத்து, போய், யோசித்து, திரும்பி வர வேண்டாமா?

நட்டை 1 செ.மீ. மேலே ஏற்றினேன். கீழே 225, மேலே 190. இப்போது தலை சாவகாசமாகப் போய் வந்தது. ஆசைப்பட்டு இன்னொரு செ.மீ. ஏற்றினேன். கீழே 180 ஆகிவிட்டது, தலை அப்படியே குப்புறக் கவிழ்ந்துகொண்டது. மேல் கணக்கும் கீழ்க் கணக்கும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு மெதுவாக ஆடும், ஆனால் கீழ்ப்பக்கம் ஒரு நூலாவது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். அன்று ராத்திரி பதினொரு மணி வரை நட்டை ஏற்றி இறக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். நேசமணியை நேசமணி ஆக்குவது மீசை இல்லை, அந்த மெதுவான ஆட்டம்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. முகத்தில் இன்னும் கண்கூட வரையவில்லை. அம்மா தட்டிவிட்டுப் பார்த்து, "அட, அவனேதான்!" என்றாள்.

உடம்புக்குத் தண்ணீர் பாட்டிலை வெட்டி, மேலே கூழ் பூசினேன். அடிப்பாகத்தை முதலில் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை மாதிரி உருண்டையாகச் செய்தேன். தள்ளினால் சாய்ந்து எழுந்து நிற்கும் வகை. தனியாக அழகாகத்தான் இருந்தது. தலையை மாட்டியதும் உடம்பு ஓர் ஆட்டம், தலை ஓர் ஆட்டம் என்று குழம்பிப்போனது. தலையின் அசைவை உடம்பே வாங்கிக்கொண்டது. அடியைத் தட்டையாக்கி, ஓரத்தில் ஆற்றுமணல் நிரப்பி, கம்பி ஆட நடுவில் இடம் விட்டேன். சரியாகிவிட்டது.

பிறகு வர்ணம். சாக் பவுடரும் ஃபெவிக்காலும் குழைத்து இரண்டு பூச்சு, உப்புத்தாளால் தேய்ப்பு, அதன் மேல் அக்ரிலிக் வர்ணம். சட்டையில் வெள்ளையடித்த தெறிப்புகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தெறிக்கவிட்டேன். கண்ணைக் கடைசியில்தான் திறந்தேன், பொம்மைக்காரர்கள் செய்கிற மாதிரி. வெள்ளை விழி நிறைய, கருவிழி கொஞ்சம் மேலே பார்த்தபடி.

தலையை மாட்டினேன். ஆடவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது.

உண்மையாகவே வயிற்றைப் பிசைந்தது. மூன்று வார வேலை. கம்பி வளைந்துவிட்டதா, பள்ளத்தில் வர்ணம் இறுகிவிட்டதா என்று ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் தலையைக் கழற்றித் தராசில் வைத்தால் 44 கிராம். பூச்சும் வர்ணமும் சேர்ந்து 6 கிராம் ஏறியிருந்தது. 44-ஐ 5-ஆல் பெருக்கினால் 220. கீழே 225. தராசு கிட்டத்தட்ட நடுவில் நின்றுவிட்டது, பள்ளத்தின் சின்ன உராய்வே தலையைப் பிடித்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது. நட்டை மறுபடி 6 செ.மீ.க்கு இறக்கினேன். ஆட ஆரம்பித்துவிட்டது. செய்து பார்க்கிறவர்கள் நட்டைக் கடைசி வரை ஒட்டிவிடாதீர்கள். வர்ணம் எல்லாம் முடிந்து, காய்ந்து, ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகு ஒட்டுங்கள்.

சுத்தியலுக்குப் பென்சில் துண்டு பிடி, கூழில் தலை. அதைத் தொங்கவிட ஒரு சாரம் வேண்டுமே. தென்னை ஈர்க்குச்சிகளை நட்டு, குறுக்குக் குச்சிகளை நூலால் கட்டி, சவுக்குக் கம்பில் கட்டும் சாரம் மாதிரியே எழுப்பினேன். ஒவ்வொரு மூட்டிலும் கயிறு சுற்றும் அதே பெருக்கல் குறி முடிச்சு. இந்தப் பொம்மை முழுக்க எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அந்த முடிச்சுகள்தான். மேல் தட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு பெயிண்ட் வாளியும் வைத்தேன்.

கொலு வைத்த முதல் நாள் சாயங்காலம் சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் மேல்படிகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழ்ப்படிக்கு வந்து உட்கார்ந்தான். "அக்கா, நான் விடட்டுமா?" நூலைத் தளர்த்தினான். சுத்தியல் உச்சந்தலையில் டொக்கென்று பட்டது. தலை பின்னால் போனது, நின்றது, மெதுவாக முன்னால் வந்தது, மறுபடி போனது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பதினேழு ஆட்டம். "அக்கா, இன்னொரு தடவை!" ஒன்பது நாளில் நூல் இரண்டு தடவை அறுந்தது, தலையில் சின்னதாக வர்ணம் பெயர்ந்தது. அதைச் சரிசெய்யப் போவதில்லை, அடிபட்ட தலைதானே.

இப்போது அந்த 85 கிராம் தலையை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டிருக்கிறேன். குறுக்குக் கம்பியை இடமிருந்து வலமாக வைக்காமல் முன்பின்னாக வைத்தால் தலை பக்கவாட்டில் ஆடும். நாம் சரி என்பதற்கு ஆட்டுவோமே, அந்த ஆட்டம். கடனுக்கு ஒரு கிலோ பருப்பு கேட்டால் ஒன்றும் பேசாமல் அப்படித் தலையாட்டும் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். காதில் செருகப் பென்சில் தயார். தலை இன்று காலை 61 கிராம்.