தோண்டாத பக்கத்தின் நிறம்

ஒரு பெரியவருக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட நாங்கள் செய்த, மிட்சுதெரா மாளிகையின் முப்பரிமாண மாதிரி திரையில் சுழன்றுகொண்டிருந்தது. ஜப்பானின் குன்மா மாகாணத்துத் தகாசாகியில், ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை போடுவதற்கு முன் 1981இல் தோண்டியபோது வெளிப்பட்ட தலைவன் இருப்பிடம் அது. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஏறக்குறைய 86 மீட்டர் பக்கமுள்ள சதுரம்; சுற்றிலும் 30 மீட்டருக்கும் மேல் அகலமான அகழி. அகழியின் உட்சரிவு முழுக்கக் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களை அமைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அதில் இன்னும் பெருமை உண்டு.

அந்தப் பெரியவர் இளவயதில் அங்கே தோண்டிய குழிகளில் இறங்கி வேலை செய்தவர்.

"இந்தப் பக்கத்தை யார் தோண்டினார்கள்?"

"யாரும் தோண்டவில்லை ஐயா. கிடைத்த பக்கத்தை வைத்து ஊகித்திருக்கிறோம்."

"அப்படியானால் இரண்டும் ஏன் ஒரே நிறத்தில் இருக்கின்றன?"

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்றேன். அவர் தலையசைத்தார், வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. தூண்குழி தூண் நின்ற இடத்தைச் சொல்லும், கூரையின் உயரத்தைச் சொல்லாது. கூரைக்கு அதே மாகாணத்தின் அகபோரி சாவுசுயாமா கல்லறை மேட்டில் கிடைத்த வீட்டு வடிவச் சுடுமண் உருவங்கள் போன்றவற்றைத்தான் பார்த்துக்கொண்டோம். அதுவும் ஊகம்தானே? ஆனால் அந்த ஊகத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. தோண்டாத பக்கத்துக்கு, மறுபக்கத்தைப் போலவே இருந்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும். ஹருனா எரிமலை வெடித்த 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தோடு கைவிடப்பட்ட இடம். அங்கே வாழ்ந்தவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் கட்டினார்கள் என்று யார் சொன்னது?

பிறகு, ஊகித்த பகுதியை வெளிறிய நிறத்தில் செய்து குழுத்தலைவரிடம் காட்டினேன். "அந்தப் பாதி இடிந்துபோனது என்று பிள்ளைகள் நினைப்பார்கள்" என்றார். அதுவும் உண்மைதான். ஒரே நிறத்தில் விட்டால் தோண்டிக் கண்டது என்று நினைப்பார்கள். வெளிறவிட்டால் இடிந்தது என்று நினைப்பார்கள். இரண்டில் எது குறைந்த கேடு என்று எனக்கு முடிவு செய்ய வரவில்லை.

ஒரே நிறப் பதிப்புதான் போனது. 'ஒரு பகுதி ஊகம்' என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். ஆனால் அதை வாசிப்பதற்குள் மாதிரி சுழன்று அந்தப் பக்கம் வந்துவிடுகிறது.