போர்ட்டல் திறந்திருக்கும் முப்பது நாள்

2025 மார்ச் 20, வியாழன்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டி: டிரேக் 67, மிசூரி 57. பதினொன்றாம் தர அணி ஆறாம் தர அணியைச் சாய்த்தது என்று எல்லாரும் கொண்டாடுகிறார்கள். நான் பார்த்தது ஸ்கிரீன் போடும், அதாவது பந்து வைத்திருப்பவனைத் தடுக்க வருகிறவனின் வழியில் நின்று மறிக்கும், பெரிய ஆளை மட்டும்தான். ஒரு தாக்குதலுக்கான ஷாட் கிளாக்கில் 30 நொடி இருந்தால் டிரேக் அதில் இருபதையாவது தின்றுவிட்டுத்தான் வளையத்தைப் பார்க்கிறது. பென்னெட் ஸ்டர்ட்ஸ் ஒரு ஸ்கிரீனைப் பயன்படுத்துகிறார், திரும்பி வருகிறார், இன்னொன்று கேட்கிறார், மறுபடி ஒன்று. ஒரே தாக்குதலில் பெரிய ஆள் மூன்று தடவை ஓடிவந்து நிற்க வேண்டும். பந்து அவன் கைக்கு வருவது எப்போதாவதுதான். இதை விரும்பிச் செய்கிறவனுக்கு டிரேக் கோச் மெக்கல்லம் சொர்க்கம், செய்யாதவனுக்குச் சிறை.

மெக்கல்லம் இரண்டாம் பிரிவில் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட்டில் நான்கு பட்டம் வென்றவர்: 2017, 2019, 2021, 2022. டிரேக்குக்கு வரும்போது அங்கிருந்து நான்கு ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்துவந்தார். ஸ்டர்ட்ஸ் அவர்களில் ஒருவர். முறை தெரிந்த நான்கு பேர் இருந்தால் முதல் பிரிவிலும் முதல் வருடமே ஓடும் என்று காட்டிவிட்டார்.

இரவு அக்கா போன். அவள் பையனும் கல்லூரி அணியில் ஒரு பெரிய ஆள். "அவன் கோச் போறாராம்டா. பையனுக்குத் தெரியுமுன்னே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு."

மார்ச் 22, சனி

செயின்ட் ஜான்ஸ் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து 22 எறிந்து 2 போட்டது. ஆர்கன்சாஸ் 75, செயின்ட் ஜான்ஸ் 66. ரிக் பிட்டினோவின் அணி வருடம் முழுக்க எதிரியைக் களம் முழுக்க நெருக்கும் பிரஸ்ஸிலும் எதிரியின் தவறுகளிலும் வாழ்ந்தது. எதிரி தவறு செய்யாத நாளில் அரைக்களத்தில் நின்று எறிய ஆள் இல்லை. பிக் ஈஸ்ட் லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆர்.ஜே. லூயிஸ் 17 எறிந்து 3. கடைசி ஐந்து நிமிடம் பெஞ்சில்தான் இருந்தார்.

ஒரு கோச் நெருக்கடியில் யாரை உட்காரவைக்கிறார் என்பதை எழுதிவைக்க வேண்டும். பையனிடமும் சொன்னேன்: கடைசி ஐந்து நிமிடம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார், ஆரம்ப ஐவரைப் பார்க்காதே.

மார்ச் 24, திங்கள்

இன்று போர்ட்டல் திறந்தது, வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். ஏப்ரல் 22 வரை.

நடைமுறை சின்னதுதான். அதிலேயே பையன்கள் தடுமாறுகிறார்கள். கல்லூரியில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் அவர்கள் பெயரைப் பதிவேற்றியாக வேண்டும், மறுக்க முடியாது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்ததிலிருந்து கோச்சின் அனுமதி தேவையில்லை. 2021-இல் முதல் மாற்றத்துக்கு ஒரு வருடம் ஆடாமல் உட்காரும் விதி போனது. 2024 ஏப்ரலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று, படிப்பு சரியாக இருந்தால்.

அந்தக் கடைசி மூன்று வார்த்தையை யாரும் படிப்பதில்லை.

பெயர் ஏறிய பிறகு பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். திரும்பி வரலாம், ஆனால் இடம் இருந்தால்தான். ஆகவே பெயர் கொடுக்கும் முன் மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், மருத்துவக் கோப்பு, முழு ஆட்ட வீடியோ எல்லாம் கையில் இருக்க வேண்டும். முழு ஆட்டம். வெட்டி ஒட்டிய மூன்று நிமிடத் துண்டு ஆகாது, அதை எந்த நல்ல உதவி கோச்சும் நம்ப மாட்டார்.

மெக்கல்லம் அயோவாவுக்குப் போகிறார். டிரேக்கில் ஒரே வருடம்.

மார்ச் 25, செவ்வாய்

டெக்சாஸ் போன புதன்கிழமை சேவியரிடம் தோற்றது. இப்போது சேவியரின் ஷான் மில்லர் டெக்சாஸில், நியூ மெக்சிகோவின் ரிச்சர்ட் பிட்டினோ சேவியரில். ஒரு நாற்காலி நகர்ந்ததில் மூன்று ஊர்ப் பையன்கள் பெட்டி கட்டுகிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

அலபாமா 51 மூன்று புள்ளி எறிந்து 25 போட்டது. இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே இதுதான் அதிகம். பிரிகம் யங் 88, அலபாமா 113. மார்க் சியர்ஸ் மட்டும் பத்து.

அலபாமா கோச் நேட் ஓட்ஸ் நடுத்தூர ஷாட்டை வெறுப்பவர். வளையத்தடி, இல்லையென்றால் கோட்டுக்கு வெளியே. அவரிடம் போகும் பெரிய ஆளுக்கு இரண்டே வழி: ஸ்கிரீன் போட்டு வளையத்துக்குப் பாய வேண்டும், அல்லது மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று போட வேண்டும். நம்ம பையனின் ஆட்டமோ ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில்தான் உயிர் வாழ்கிறது. பந்தை அங்கே வாங்கி, திரும்பி, வெட்டி ஓடுகிறவனுக்குக் கொடுப்பான். அந்தப் பத்தடிச் சதுரத்தையே அழித்துவிட்ட கோச்சுகள் இன்று பாதிப் பேர்.

மார்ச் 29, சனி

அதே அலபாமா இன்று டியூக்கிடம் மூன்று புள்ளி 32 எறிந்து 8. தோல்வி 65–85. முறை மாறவில்லை. இரண்டு இரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முறை புரிகிறது.

மார்ச் 31, திங்கள்

பையன் பெயர் ஏறிவிட்டது. முதல் நாளில் இருபத்திரண்டு அழைப்பு. ஏழு பேர் அவன் ஆட்டத்தைப் பார்த்தே இருக்கவில்லை, உயரத்தையும், தவறிய ஷாட்டைப் பிடிக்கும் ரீபவுண்ட் எண்ணையும் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நிமிடக் கணக்கை இன்று முழுக்கப் போட்டேன். ஆட்டம் 40 நிமிடம், ஐந்து பேர், மொத்தம் 200. நான்காம், ஐந்தாம் இடத்துக்கு 80. இந்த 80-ஐத்தான் பெரிய ஆட்கள் எல்லாரும் பங்கு போட வேண்டும்.

ஏரிக்கரைக் கல்லூரி: தங்கும் இருவர் சராசரி 24, 12. ஆக 36 போச்சு, மிச்சம் 44. ஏற்கெனவே போர்ட்டலில் இரண்டு பேரை எடுத்துவிட்டார்கள், பழைய இடத்தில் ஒருவன் 29, ஒருவன் 26. 55 ஆகிறது. 44-க்குள் 55 எப்படி? அதன் மேல் நம்ம பையன் வேறு. அங்கே "நீ எங்கள் திட்டத்தின் மையம்" என்று சொன்னது யாருக்கும் சொல்லும் வார்த்தை.

மலைப்பக்கத்துக் கல்லூரி: தங்குகிறவன் ஒருவன், 18. மிச்சம் 62. எடுத்தது ஒருவனை, 25. மிச்சம் 37. இது உண்மையான இடம். ஆனால் போர்ட்டல் மூட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் இன்னும் இரண்டு பேரை எடுக்கலாம். அதனால் கேள்வி, "எனக்கு எத்தனை நிமிடம்?" அல்ல. "என் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரைத் தேடுகிறீர்கள்?" இதற்கு எண் சொல்லாத கோச்சை விட்டுவிடலாம்.

ஏப்ரல் 2, புதன்

மூன்று போன். மூவரிடமும் பையன் ஒரே கேள்வி கேட்டான்: எதிரி பிக் அண்ட் ரோல், அதாவது ஸ்கிரீன் போட்டு வளையத்துக்குப் பாயும் ஆட்டம், போட்டால் நம்ம பெரிய ஆள் எங்கே நிற்க வேண்டும்?

ஏரிக்கரை: "டிராப்." பெரிய ஆள் பின்வாங்கி, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே நின்று இருவரையும் பார்த்துக்கொள்வது. மெதுவான காலுக்கு ஏற்றது. எதிரியின் கார்டு (பந்தைக் கொண்டுவரும் சின்ன ஆள்) நின்று எறியத் தெரிந்தவனாக இருந்தால் உயிரை எடுத்துவிடுவான்.

பழைய கோச், புது ஊரில்: "ஸ்விட்ச்." எல்லாரும் எல்லாரையும். 6 அடி 8 அங்குலப் பையன் 6 அடி கார்டை வெளியே தனியாகத் தடுக்க வேண்டும்.

மலைப்பக்கம்: "பார்க்கலாம், உன் பலத்துக்கு ஏற்ப." இது பதில் இல்லை. போன வருட ஆட்டங்களில் அவர்கள் ஹெட்ஜ். பெரிய ஆள் ஸ்கிரீனைத் தாண்டி வெளியே பாய்ந்து, பந்து வைத்திருப்பவனை நடுக்கோட்டுப் பக்கம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தன் ஆளிடம் ஓடித் திரும்ப வேண்டும். அரை நொடி தாமதமானால் கார்டு இருவருக்கும் நடுவே பிளந்துகொண்டு போய்விடுவான். அவனை மறிக்க இடுப்பை நீட்டினால் ஃபவுல். கல்லூரியில் ஐந்தோடு வெளியே. முதல் பாதியில் இரண்டு வாங்கினால் பல கோச்சுகள் இடைவேளை வரை உள்ளே விடுவதே இல்லை. நம்ம பையனுக்கு முதல் இரண்டு அடி மெதுவு. மூன்றாவது அடியிலிருந்து வேகம்தான். ஹெட்ஜுக்கு வேண்டியது அந்த முதல் இரண்டடி.

37 நிமிட இடமிருந்தும் ஃபவுலில் 14 நிமிடமாகிவிடும்.

ஏப்ரல் 5, சனி

எட்டு நிமிடம் இருக்கும்போது ஹூஸ்டன் 14 பின்னால். ஹூஸ்டன் 70, டியூக் 67. கடைசி ஒன்பது புள்ளியும் ஹூஸ்டனுடையது.

ஹூஸ்டன் கோச் கெல்வின் சாம்ப்சன் பயிற்சியில் வளையத்தின் மேல் மூடி போட்டுவிடுவார். எந்த ஷாட்டும் உள்ளே போகாது. ஒவ்வொரு பந்தும் ரீபவுண்ட். ஷாட் விழுந்தால் பத்து பேரும் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், மூடி இருந்தால் அந்த ஓய்வு கிடையாது. இன்று கடைசி நிமிடத்தில் தெரிந்த வெறி அங்கே வளர்ந்தது. பிக் அண்ட் ரோலில் இருவர் பாய்ந்து பந்தை நெருக்குவதும் அவர் முறை, ஹெட்ஜின் கடுமையான வடிவம். அதை முதல் வருடத்திலேயே சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. ஜே'வான் ராபர்ட்ஸ் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து கற்றவர். வெளியிலிருந்து எடுத்தது முக்கியமாகக் கார்டு இடத்துக்கு: பேய்லரிலிருந்து எல்.ஜே. கிரையர், ஓக்லஹோமாவிலிருந்து மிலோஸ் உசான்.

பெரிய ஆளை வளர்க்கிறார், எறிகிறவனை வாங்குகிறார்.

ஏப்ரல் 7, திங்கள்

இறுதி ஆட்டம். ஹூஸ்டன் 63, ஃப்ளோரிடா 65. பன்னிரண்டு பின்னால் இருந்து வந்தது. கடைசியில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் எறிய எழும்பினார், ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் பாய்ந்து வந்தார், ஷார்ப் பந்தைக் கீழே விட்டார். அவர் தொட்டால் டிராவல், பந்து எதிரிக்குப் போய்விடும். பந்து தரையில் குதிக்கிறது, அவர் தொட முடியாமல் பக்கத்தில் நிற்கிறார். அந்தச் சில நொடிகளைப் பார்க்கவே மனம் தாங்கவில்லை.

கிளேட்டன் முதல் பாதியில் பூஜ்யம், இரண்டாம் பாதியில் 11. அவர் ஐயோனாவிலிருந்து வந்தவர். அலிஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து, ருபென் சின்யெலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து. ஆரம்ப ஐவரில் நால்வர் மாறி வந்தவர்கள், ஒருவர்கூடப் பெரும்பேர் கொண்ட கல்லூரியிலிருந்து அல்ல. ஃப்ளோரிடா கோச் டாட் கோல்டன் பெயரை வாங்கவில்லை, தன் முறைக்குள் பொருந்தும் வேலையை வாங்கினார். பையனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நான் என்ன வேலை மாமா?" என்றான்.

பகலில் கலிபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் முன் ஹவுஸ் வழக்கின் விசாரணை. ஒப்பந்தம் நிறைவேறினால் ஜூலை 1 முதல் கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரும். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. கூடைப்பந்து அணியில் 15 பேருக்கு மேல் கூடாது.

ஏப்ரல் 9, புதன்

மலைப்பக்கம் இன்னொரு பெரிய ஆளை எடுத்துவிட்டது. 37 இப்போது 15.

ஏப்ரல் 12, சனி

கிரெடிட் (முடித்த பாடங்களின் அளவு) விஷயம் தூங்க விடவில்லை.

மூன்றாம் வருடம் ஆட, சேரும் கல்லூரியின் பட்டத்தில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80. பட்டம் 120 கிரெடிட் என்றால் 48. அவனிடம் 61 இருக்கிறது, கவலை இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் கணக்கில் வருவது புதிய கல்லூரி அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு ஏற்றுக்கொள்வது மட்டும். ஏரிக்கரையில் வணிகப் படிப்புக்கு 44 என்கிறார்கள். நாலு குறைவு. தொடர்பியலுக்கு மாறினால் 52. "மாறிடு, ஒன்றுமில்லை" என்கிறார் உதவி கோச். ஒன்றுமில்லையா? பந்து நின்ற பிறகு அவன் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

வாய்ச்சொல் வேண்டாம். பதிவாளர் அலுவலகத்தின் எழுத்து மூல மதிப்பீடு வந்த பிறகே கையெழுத்து. மூன்றாவது மின்னஞ்சல் போட்டாயிற்று.

ஸ்டர்ட்ஸ் மெக்கல்லத்தின் பின்னாலேயே அயோவா போய்விட்டார். அங்கிருந்த ஓவன் ஃப்ரீமன், ஜாஷ் டிக்ஸ் இருவரும் வெளியே. வேகமாக ஓடி ஆடிய அணியில் மெதுவான கோச் வந்தால் நடப்பது இதுதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வரி நாள். ஆட்டக்காரர்களுக்கு வரும் விளம்பரப் பணத்தில் யாரும் வரி பிடித்துத் தருவதில்லை. 1099 என்ற வருமானப் படிவம் வரும், சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதன் மேல் வருமான வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்ட வேண்டும். வரும் தொகையில் மூன்றில் ஒன்றைத் தொடாமல் தனிக் கணக்கில் போடச் சொன்னேன்.

ஒப்பந்தத்தில் பார்த்தவை: மாதத் தவணையா மொத்தமா. காயம் பட்டால் தொடருமா. நடுவில் மாறினால் திருப்பித் தர வேண்டிய தொகை எவ்வளவு, அது மாதா மாதம் குறைகிறதா. ஏஜென்டின் பங்கு. தொழில்முறை லீகான என்பிஏ சம்பளத்தில் ஏஜென்ட் 4 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, இங்கே அப்படி வரம்பே கிடையாது. ஒருவர் கூச்சமில்லாமல் 20 கேட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

பையனின் அறைத்தோழன் செனகல்காரன். அவனுக்கு எஃப்-1 மாணவர் விசா. கல்லூரி மாறினால் செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவையும் பழைய கல்லூரி விடுவிக்க வேண்டும், புதியது புது ஐ-20 சேர்க்கைச் சான்று தர வேண்டும். கோடையில் ஊருக்குப் போகும் முன் இது முடிய வேண்டும். பணம் வாங்குவதிலும் அவனுக்கு விசாவின் கட்டு இருக்கிறது. இதைச் சொல்ல அந்தப் பையனுக்கு யாரும் இல்லை. கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தை விட்டு நேரே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பழைய கோச் மறுபடி. ஸ்விட்ச் வேண்டாம், அவனுக்காக டிராப் வைப்பேன் என்கிறார். பதினெட்டு வருடம் ஸ்விட்ச் ஆடிய மனிதர் நவம்பரில் முதல் தோல்விக்குப் பிறகும் டிராப் வைத்திருப்பாரா? தன் முறையை விடாத கோச்சிடம் குறைந்தபட்சம் என்ன கிடைக்கும் என்று தெரியும். வெர்ஜினியாவில் டோனி பென்னெட் 2018-இல் பதினாறாம் தர அணியிடம் 54–74 தோற்ற பிறகும் பேக்-லைனை விடவில்லை. பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்க, மற்ற நால்வரும் பதினாறடிக்குள். அடுத்த வருடம் அதே முறையில் பட்டம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மூடியது. இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ளே. பெயர் கொடுக்கத்தான் இன்று கடைசி. இடம் தேடக் கெடு இல்லை.

ஏப்ரல் 23, புதன்

அணி வரம்பால் இப்போது இருக்கும் ஆட்டக்காரர்கள் இடம் இழக்கக் கூடாது, அதைச் சரிசெய்து வாருங்கள் என்று நீதிபதி வில்கன் திருப்பி அனுப்பிவிட்டார். ஏரிக்கரைக் கோச் 15 பேருக்குத் திட்டம் போட்டிருந்தார். "ஒரு வாரம் பொறுங்கள்" என்று செய்தி. அக்கா இன்று நாலு தடவை போன் செய்தாள். நாலு தடவையும் ஒரே கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஏரிக்கரையில் எடுத்த இருவரில் ஒருவன் என்பிஏ தேர்வுக்கும் பெயர் கொடுக்கிறான். திரும்பி வர மே 28 வரை நேரம். அவன் போனால் அவனுடைய 29 நிமிடம் திறக்கும்.

அப்படியும் 80-இல் 36-ஐயும் 26-ஐயும் கழித்தால் 18.

ஏப்ரல் 28, திங்கள்

பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம். வணிகப் படிப்புக்கு 46. இரண்டுதான் குறைவு, கோடையில் மூன்று கிரெடிட் வகுப்பு ஒன்று போதும். புள்ளியியல் ஜூன் 9 தொடங்குகிறது.

பையனிடம் சொன்னேன். "டிராப் தானே மாமா, நிச்சயமா?" என்றான். அவர்களுடைய போன சீசன் ஆட்டங்களில் ஐந்தாவதை இப்போது போட்டிருக்கிறேன். முதல் பாதி, 11:40. பெரிய ஆள் வெளியே பாய்கிறான்.