தாளைப் புரட்டச் சொன்ன கதை: சாசரின் மாவாலைக்காரனும் அவனுடைய அறுநூறு ஆண்டு வழக்கும்

பிடிக்காதவர்கள் தாளைப் புரட்டி வேறொரு கதையைத் தேர்ந்துகொள்ளட்டும், தவறாகத் தேர்ந்துவிட்டுப் பிறகு என்மேல் பழிபோட வேண்டாம் என்ற பொருள்பட ஒரு முன்னெச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டுத்தான் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் தம் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் இரண்டாவது கதையைத் தொடங்குகிறார். 1387ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கப்பட்டு, 1400இல் அவர் இறந்தபோதும் முற்றுப்பெறாமல் நின்ற பெருநூல் அது. அதில் மாவாலைக்காரன், அதாவது தானியம் அரைக்கும் மாவு ஆலை நடத்துபவன், சொல்லும் இந்தக் கதை ஏறத்தாழ 670 அடிகளே கொண்டது. ஆனால் அந்த முன்னெச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்து தாளைப் புரட்டியவர்களும், கீழ்ப்படியாமல் அங்கேயே நின்று சிரித்தவர்களும் ஆறு நூற்றாண்டுகளாக நடத்திவரும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

கதை சொல்லப்படும் சூழலை முதலில் சொல்லியாக வேண்டும். லண்டனுக்கு அருகே சதக்கில் இருந்த டபார்டு சத்திரத்தில் கூடிய யாத்திரிகர்கள், கேன்டர்பரிப் பேராலயத்தில் புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறையைத் தரிசிக்கப் புறப்படுகிறார்கள். வழிப்பொழுது போவதற்காக ஒரு கதைப் போட்டி ஏற்பாடாகிறது. போர்வீரப் பிரபு முதற்கதையைச் சொல்கிறார். ஏதென்ஸ் நகரம், தீசியஸ் மன்னன், ஒரே பெண்ணின்மேல் காதல்கொண்ட இரு உயர்குல இளைஞர்கள், அவர்களுக்காக வானுலகில் வாதிடும் தெய்வங்கள் என்று விரியும் அந்தக் காவியக் கதையை எல்லாரும் மெச்சுகிறார்கள். அந்தஸ்து வரிசைப்படி அடுத்ததாக மடத்துத் துறவியைச் சத்திரக்காரர் அழைக்கிறார். அப்போதுதான் குதிரைமேல் நிமிர்ந்து உட்காரவும் முடியாத போதையில் இருக்கும் மாவாலைக்காரன் ராபின் குறுக்கே பாய்கிறான். பிரபுவின் கதைக்கு ஈடுகொடுக்கத் தன்னிடம் ஒரு கதை இருக்கிறது, சொல்லவிடாவிட்டால் கூட்டத்தை விட்டே போய்விடுவேன், வாய் குழறினால் அந்தப் பழி சதக்கின் சாராயத்தைச் சேரும் என்கிறான். வரிசை அங்கே உடைகிறது. நூலின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த உடைப்பின் வழியாகத்தான் வருகிறது.

கதை இதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் என்னும் வயதான, வசதி படைத்த தச்சர். அவருடைய மனைவி ஆலிசனுக்கு வயது 18. வீட்டில் குடியிருக்கும் மாணவன் நிக்கலஸ் சோதிடம் படிக்கிறான். அவளும் அவனும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். இன்னொரு பக்கம், சுருள்முடியைச் சீவி, தோல் செருப்பில் தேவாலயச் சன்னல் போல வேலைப்பாடு வெட்டிக்கொண்டு திரியும் அப்சலன் என்னும் கோயிற்பிள்ளையும் (தேவாலய உதவியாளன்) அவளைச் சுற்றிவருகிறான். திங்கட்கிழமை இரவு நோவா காலத்து வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளம் வரப்போவதாகத் தன் சோதிடத்தில் தெரிந்தது என்று நிக்கலஸ் தச்சரை நம்பவைக்கிறான். தச்சரும் மூன்று தொட்டிகளைக் கூரை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு சாடி சாராயமும் வைத்து, ஏறிப் படுத்துக் களைப்பில் குறட்டை விடுகிறார். இளையவர்கள் இருவரும் ஓசையின்றி ஏணியில் இறங்கிப் படுக்கையறைக்குப் போகிறார்கள். அன்றிரவே சன்னலுக்கு வெளியே வந்து நின்று ஒரு முத்தம் கேட்கிறான் அப்சலன். கும்மிருட்டில் ஆலிசன் சன்னல் வழியாக நீட்டுவது தன் பின்புறத்தை. அவமானத்தில் கொதித்த அப்சலன் கொல்லன் பட்டறைக்கு ஓடி, பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுவை இரவல் வாங்கிவந்து இன்னொரு முத்தம் கேட்கிறான். இம்முறை வேடிக்கைக்கு ஆசைப்பட்டுத் தன் பின்புறத்தை நீட்டிய நிக்கலஸ் இடி இடித்தாற்போல் குசுவிட, கொழு சரியான இடத்தில் பதிகிறது. “தண்ணீர்! தண்ணீர்!” என்று அவன் அலற, மேலே விழித்துக்கொண்ட தச்சர், வெள்ளம் வந்துவிட்டது என்று கயிற்றை வெட்டித் தொட்டியோடு தரையில் விழுந்து கையை முறித்துக்கொள்கிறார்.

பச்சையாகச் சொன்னால் கதை அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கூவல் வரும்வரை வெள்ளக் கதையும் முத்தக் கதையும் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. வாசகர் தொட்டியை மறந்தே போயிருப்பார். சூடுபட்டவன் கேட்கும் தண்ணீர், மேலே தொங்குபவரின் காதில் பிரளயமாக விழும் அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றாகின்றன. வெள்ளமும், இடம்மாறிய முத்தமும், சூடுபோடுதலும் அக்கால ஐரோப்பாவின் வாய்மொழிச் சரக்கு. 14ஆம் நூற்றாண்டு டச்சு மொழிக் கதை ஒன்றில் இவை மூன்றும் சேர்ந்தே வருகின்றன. நாட்டுப்புறக் கதை ஆய்வாளர்களின் ஆர்னே–தாம்சன் வகைப்பாட்டில் இதற்கு 1361 என்ற எண்ணே உண்டு. சாசர் புதிதாகச் சேர்த்தது பொருள்களின் அடர்த்தியை. நிக்கலஸின் கட்டில் தலைமாட்டில் பண்டைய வானியலாளர் தாலமியின் நூல், அஸ்ட்ரோலேப் என்னும் வானளவுக் கருவி, கணக்குக் கற்கள் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அஸ்ட்ரோலேப்பைப் பற்றிச் சாசரே தம் சிறுவயது மகன் லூயிஸுக்காக ஒரு கையேடு எழுதினார் என்பதை நினைத்தால், சோதிடப் புரட்டனை அவர் எவ்வளவு கிட்டே நின்று பார்த்திருக்கிறார் என்பது புரியும். அப்சலனோ முத்தம் கேட்கப் புறப்படுமுன் வாய் மணக்க வாசனை விதையும் அதிமதுரமும் மென்றுகொள்கிறான். முத்தமிட்ட பின்போ புழுதி, மணல், வைக்கோல், துணி, மரச்சீவல் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து உதட்டைத் தேய்க்கிறான். அந்த ஐந்து பொருள்களின் வரிசையைப் படிக்கும்போது நமக்கே உதடு எரிகிறது.

தச்சரின் அறியாமையும் வெறும் மடமையாக வரையப்படவில்லை. நோவா தன் மனைவியைப் பேழையில் ஏற்றப் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டதில்லையா என்று நிக்கலஸ் அவரை மடக்குகிறான். அந்தச் சண்டை விவிலியத்தில் கிடையாது. நகரத் தொழிற்குழுக்கள் தெருவில் நடித்த விவிலிய நாடகங்களில்தான் உண்டு. இனி ஒரு வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று ஆதியாகமத்தில் கடவுள் கொடுத்த வாக்கு தச்சருக்குத் தெரியாது, நாடகத்தில் பார்த்த வாய்ச்சண்டை தெரியும். அப்சலனும் அப்படிப்பட்ட மேடையில் விவிலியத்துக் கொடுங்கோலன் ஏரோது மன்னனின் வேடம் கட்டுபவன்தான். ஆபாசம் என்று ஒதுக்கப்பட்ட கதைக்குள், படித்தவன் படிக்காதவனை எப்படி ஏய்க்கிறான் என்பதைப் பற்றிய கூரிய சமூகப் பார்வை இருக்கிறது.

பின்வந்தவர்கள் இதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சாட்சி ஆங்கில எழுத்தாளர் சர் ஜான் ஹாரிங்டன். 1591இல் இத்தாலியக் காவியமான ‘ஓர்லாண்டோ ஃபுரியோசோ’வை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அதில் சிற்றின்பம் மிகுதி என்ற குற்றச்சாட்டை எதிர்பார்த்து முன்னுரையிலேயே அவர் வாதாடுகிறார். நம் சாசரை வாயாரப் புகழ்கிறவர்கள் இந்த இத்தாலியக் கவிஞரை மட்டும் குறைசொல்வது வேடிக்கை, மாவாலைக்காரன் கதையில் இருப்பது இதைவிடப் பச்சை அல்லவா என்பது அவருடைய வாதம். ஆளுக்கேற்ற பேச்சு என்ற பொருத்தத்தைச் சாசர் காப்பாற்றுவதே அவருக்குரிய மன்னிப்பு என்றும் சேர்த்துக்கொள்கிறார். (தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை வடிவமைத்து, அதைப் பற்றி 1596இல் ஒரு நூலே எழுதியவரும் இதே ஹாரிங்டன்தான், இந்த வழக்குக்கு இவரைவிடத் தகுந்த வக்கீல் கிடைத்திருக்க மாட்டார்.) இந்தக் கதையின் உண்மையான செல்வாக்கு அந்த முன்னுரையில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் யார் கீழ்த்தரச் சிரிப்புக்கு இடம் கேட்டாலும், சாசரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடலாம். எழுத்தாளர் ராபர்ட் கிரீனின் பெயரில் 1592இல் வெளிவந்த ‘கிரீனின் கனவு’ என்ற நூலில் சாசரும் அவருடைய நண்பர் கவிஞர் கோவரும் கனவில் தோன்றி வாதிடுகிறார்கள். சிரிப்பூட்டும் எழுத்துக்காகப் பேசுபவர் சாசர், நீதிக்காகப் பேசுபவர் கோவர்.

ஷேக்ஸ்பியரிடமும் இந்தத் தடம் இருக்கிறது என்று நம்புகிறவன் நான். ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் தீசியஸ் மன்னர் பிரபு சொன்ன கதையிலிருந்து வந்தவர் என்பது பலரும் ஒப்புக்கொண்டது. அந்த மன்னரின் திருமணத்துக்கு நாடகம் போடும் தச்சர், நெசவாளர் கூட்டத்தையும், சுவரின் ஓட்டையை முத்தமிட்டு ஏமாறும் காட்சியையும் பார்க்கும்போது, பெருங்காதலுக்குப் பக்கத்திலேயே கைத்தொழிலாளியின் கேலியை நிறுத்தும் கலையை அவர் சாசரிடம் கற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தவர்கள் தாளைப் புரட்டினார்கள். 1700இல் சாசரின் கதைகளைப் புது ஆங்கிலத்தில் தந்த கவிஞர் ஜான் டிரைடன், சாசரைக் கைகூப்பாத குறையாகப் புகழ்ந்துவிட்டு, மாவாலைக்காரன் கதை உட்படச் சிலவற்றை நாகரிகம் கருதித் தொடவில்லை என்று முன்னுரையில் வெளிப்படையாகவே சொல்கிறார். தம் எழுத்துக்கே ஆபாசம் என்ற பழி வாங்கிய கவிஞர் பைரன் பிரபு தம் குறிப்பேட்டில் சாசரையே ஆபாசம் என்று ஒதுக்கினார். அதை யார் சொல்வது என்று கேட்கத் தோன்றுகிறது. 1833இல் சிறுவர்களுக்கான உரைநடைத் தொகுப்பை வெளியிட்ட சார்லஸ் கௌடன் கிளார்க்கும் இக்கதையை விட்டுவிட்டார். அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பல தலைமுறை வாசகர்களுக்குச் சாசர் என்றால் சித்திரை மாத மழையும் பறவைகளும் பக்தியும் நிறைந்த பெரியவர் என்ற பிம்பம் இப்படித்தான் உருவானது.

நம் ஊர்க் கல்லூரிகளின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்துக்கும் அந்தப் பிம்பம்தான் வந்து சேர்ந்தது. நூலின் பொது முன்னுரையைத்தான் நாங்கள் படித்தோம். மாவாலைக்காரனின் மூக்கு நுனியில் இருந்த மருவும், அதில் முளைத்த செம்மயிர்க் கொத்தும், கதவைத் தலையால் முட்டி உடைக்கும் அவன் வலிமையும் தேர்வுக்கு வந்தன. அவன் என்ன கதை சொன்னான் என்ற கேள்விக்கு, “அது பாடத்தில் இல்லை” என்பதே பதில். ஒருவனுடைய மருவை விளக்கி மதிப்பெண் பெறலாம், அவன் வாயைத் திறக்க விடக்கூடாது. இங்கிலாந்திலோ இதே கதை பள்ளி இறுதித் தேர்வுக்குரிய பாடமாகப் பலமுறை வைக்கப்பட்டிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் கதை மேடைக்கும் திரைக்கும் போனது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் நெவில் காக்ஹில் செய்து 1951இல் பெங்குயின் வெளியிட்ட மொழிபெயர்ப்பு சாதாரண வாசகர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் மார்ட்டின் ஸ்டார்கியும் சேர்ந்து ஆக்கிய இசை நாடகம் 1968 மார்ச்சில் லண்டனில் அரங்கேறி 2,000 காட்சிகளுக்கு மேல் ஓடியது. பிரிட்டனின் நாடகத் தணிக்கை முறை ஒழிந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். இத்தாலிய இயக்குநர் பசோலினி 1972இல் எடுத்த திரைப்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. சாசராக அவரே நடித்தார். ஆனால் அந்தப் படத்தில் இக்கதை எனக்கு ஏமாற்றமே. உடலைக் காட்டும் ஆர்வத்தில், தொட்டியும் தண்ணீரும் ஒன்றாகும் அந்த நொடியின் கணக்கு தளர்ந்துவிடுகிறது. 1967இல் புகழ்பெற்ற புரோக்கல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடல் ஒன்றில் மாவாலைக்காரன் தன் கதையைச் சொன்னதாக ஒரு வரி வருகிறது. அது சாசர்தான் என்று ரசிகர்கள் விளக்கம் எழுதிக் குவிக்க, தாம் அதை நினைத்து எழுதவேயில்லை என்று பாடலாசிரியர் கீத் ரீட் மறுத்தார். இல்லாத இடத்திலும் தேடப்படுவது ஒரு கதைக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை.

சாட்சிக் கூண்டு என்று மேலே சொன்னது உண்மையான நீதிமன்றத்திலும் நடந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக் கொலம்பியா மாவட்டத்தில், மேல்வகுப்பு மாணவர்கள் விரும்பி எடுக்கும் பாடம் ஒன்றின் நூலில் இக்கதையும் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோஃபேனிஸின் ‘லைசிஸ்ட்ராட்டா’ நாடகமும் இருந்தன. ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். ஆராய அமைக்கப்பட்ட குழு, நூல் இருக்கட்டும், இந்த இரண்டை மட்டும் பாடமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. பள்ளி வாரியமோ 1986இல் நூலையே வகுப்பிலிருந்து நீக்கியது. வேறு பெற்றோர் வழக்குத் தொடுக்க, 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாரியத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மேற்கத்திய இலக்கியத்தின் இந்தச் சாதனைகளால், சட்டப்படி வயதுவர இருக்கும் இளைஞர்களுக்கு என்ன தீங்கு நேரும் என்று தங்களுக்கு விளங்கவில்லை என்பதையும் நீதிபதிகள் அதே தீர்ப்பில் எழுதினார்கள். சட்டம் வாரியத்தின் பக்கம், ரசனை சாசரின் பக்கம்.

அண்மைக்கால மறுஆக்கங்களில் பி.பி.சி. 2003இல் எடுத்த தொலைக்காட்சி வடிவம் கவனிக்கத்தக்கது. அதில் வெள்ளமும் இல்லை, சோதிடமும் இல்லை. கென்ட் வட்டாரத்து மதுக்கடை ஒன்றுக்குக் கரோக்கி பாட்டுப் போட்டிகளுக்கு ஆள் தேடுபவன்போல் வந்து நிற்கும் நிக், உரிமையாளரின் இளம் மனைவிக்குப் புகழ் ஆசை காட்டுகிறான். இன்றைய மனிதர் நம்பி ஏமாறும் பிரளயம் எது என்ற கேள்விக்கு அது நல்ல பதில். கனடாவின் பாபா பிரிங்க்மன் இதை ராப் பாட்டாக்கினார். பிரிட்டிஷ் கவிஞர் பேஷன்ஸ் அக்பாபி 2014இல் கேன்டர்பரி கதைகள் முழுவதையும் இன்றைய பிரிட்டனின் பலகுரல் கவிதைகளாக மாற்றி எழுதினார்.

பெண்ணிய வாசிப்புகள் வந்த பிறகு ஆலிசனைப் பற்றிய விவாதம்தான் வலுத்திருக்கிறது. தச்சருக்குக் கை முறிவு, நிக்கலஸுக்குச் சூடு, அப்சலனுக்கு உதடு. அவளுக்கு மட்டும் தண்டனையே இல்லை. சன்னலைச் சாத்திக்கொண்டு அவள் சிரிக்கும் சிரிப்பைப் பெண்ணின் வெற்றி என்பார் உண்டு. மூன்று ஆண்களின் போட்டிப் பொருளாக வைக்கப்பட்டவளுக்கு அந்தச் சிரிப்பைத் தவிர வேறெதையும் கதை தரவில்லை என்பாரும் உண்டு; நிக்கலஸ் முதலில் அவளை அணுகும் முறை இன்று படிக்கையில் உறுத்துகிறது என்பதையும் அவர்கள் சுட்டுகிறார்கள். நான் இரண்டாம் கட்சிக்குக் கொஞ்சம் அருகில் நிற்கிறேன். தச்சர்தான் கதையிலேயே அவளை உண்மையாக நேசித்தவர். வெள்ளம் என்றதும் அவருக்கு முதலில் வரும் பதற்றம் “ஐயோ, என் ஆலிசன்!” என்பதே. அந்த ஒரு வரியைத் தாண்டி முழுமனதோடு சிரிக்க என்னால் முடிவதில்லை.

படிக்க விரும்புவோருக்கு ஒரு யோசனை: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாசர் இணையதளத்தில் மூல வரிக்குக் கீழேயே இன்றைய ஆங்கில வரியும் கிடைக்கிறது. பிரபுவின் கதையின் முதல் சில நூறு அடிகளையாவது படித்துவிட்டு மாவாலைக்காரனிடம் வாருங்கள். அதன்பின் பண்ணைக் காரியஸ்தர் ஆஸ்வால்டின் கதையையும் விட வேண்டாம். யாத்திரிகர் கூட்டத்தில் இக்கதைக்குச் சிரிக்காமல் கோபப்பட்டவர் அவர் ஒருவர்தான், ஏனென்றால் அவர் இளமையில் தச்சுவேலை பார்த்தவர். பழிவாங்க அவர் எடுத்துவிடும் கதையில் அடிவாங்குவது யார் என்று சொல்லவே வேண்டாம், ஒரு மாவாலைக்காரன்.