உப்பைக் கையில் வைத்துக்கொண்டு

போன வருஷம் தை நோம்பி முடிந்த வாரம், ஒடிசாவில் ராயகடா பக்கத்திலிருந்து ஒரு பொண்ணு எங்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். வயது இருபது இருக்கும். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் வீட்டை ஒட்டின ஷெட்டில் 14 மெஷின், ஒரு செக்கிங் டேபிள், அவ்வளவுதான். ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். செக்கிங் என் பொறுப்பு. அவளையும் என் டேபிளிலேயே போட்டோம்.

அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு ஒடியா தெரியாது. சின்ன வயதில் டியூஷன் போய் இந்தியில் மூன்று பரீட்சை பாஸ் செய்திருக்கிறேன். அந்த தைரியத்தில் வாயைத் திறந்தால், பாடத்தில் மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்துக்கு மேல் எதுவும் வரவில்லை. அவளுக்கும் இந்தி அரைகுறைதான்.

சரி, நாமே தமிழ் சொல்லிக் கொடுப்போம் என்று கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் 40 வார்த்தை. போனில் அர்த்தம் பார்த்து எதிரே அவள் எழுத்தில் அவளையே எழுத வைத்தேன். மறுநாள் டீ நேரத்தில் ஒப்பிக்கச் சொன்னேன். நாலு நாள் ஒப்பித்தாள். அஞ்சாம் நாள் டம்ளரை எடுத்துக்கொண்டு பண்டல் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு டீ நேரத்தில் என் பக்கமே வரவில்லை. என் அத்தைதான் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேலைக்கு வந்த புள்ளைக்கு எதுக்கும்மா பரீட்சை வெக்கற? உடு, பாவம்.”

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பொண்ணின் முகம் சுண்டிப்போனது என் நோட்டால்தான் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவளுக்குத் தமிழ் வந்தது எங்கள் சமையலறையில். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவாள். அத்தை அஞ்சாவது வரைக்கும் படித்தவர். பாடம் நடத்துகிறோம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் பேசிக்கொண்டே வேலை செய்வார். ஒரு நாள் நான் வெங்காயம் உரித்தபடி கவனித்தேன்.

“இந்தா பாரு அம்முணி, உப்பு. உப்பு எடு. ஐய, அது சக்கரை. அதா, அதுதான் உப்பு. போடு. போதும், போதும். வாயில வெச்சுப் பாரு. உப்புக் கெடக்குதா? பத்தலையா? பத்தல. இன்னொரு துளி உப்புப் போடு.”

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. உப்பு என்ற சொல் அஞ்சு தடவை வந்துவிட்டது. ஒரு தடவை விரலில், ஒரு தடவை சட்டியில், ஒரு தடவை நாக்கில். கூடவே எடு, போடு, போதும், பத்தல என்று நாலு சொல். அத்தை ஒரு தடவைகூட “எங்க, நீ சொல்லு” என்று கேட்கவில்லை. எனக்கும் என் நோட்டுக்கும் தெரியாத விஷயம் அதுதான்.

மூன்று மாதம் போல அவள் வாயே திறக்கவில்லை. ஆனால், “மேல இருக்கறதுல சின்ன சட்டிய எடு” என்றால் சின்னதைத்தான் எடுத்தாள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. உள்ளே ஓடிவந்து, “ஆத்தா, ஒறம்பரை வந்திருக்காங்கோ!” என்றாள். முழுசாக ஒரு வாக்கியம், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சு. என் நோட்டில் ‘விருந்தினர்’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை அவள் இன்று வரைக்கும் சொன்னதில்லை.

இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் இருப்பார்களே என்று தேடியபோதுதான் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் தெரிய வந்தார். மொழி நம்மிடம் வந்து சேர்வது நமக்கு விளங்குகிற பேச்சால்தான் என்று 1980-களிலிருந்து சொல்லி வருகிறவர். இப்போது தெரிந்ததைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்க வேண்டும், சூழ்நிலையை வைத்து அது புரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. பயமும் கூச்சமும் இருந்தால் காதில் விழுவது உள்ளே இறங்காது என்றும் சொல்கிறார். அதைப் படித்ததும் பண்டல் மறைவில் உட்கார்ந்திருந்த முகம்தான் ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் வாய் திறக்காமல் இருக்கிற காலமும் வளர்ச்சிதான் என்கிறார். அவர் பேசும் பழைய வீடியோ ஒன்று உண்டு. முதலில் வெறுமனே ஜெர்மன் பேசுவார், யாருக்கும் புரியாது. பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டி, போர்டில் முகம் வரைந்து பேசுவார், எல்லோருக்கும் புரிந்துவிடும். அத்தை உப்பைக் காட்டிச் செய்ததும் இதேதான்.

செக்கிங் டேபிளிலும் அப்படித்தான் நடந்தது. “இது ஓட்டை, ஸ்டிக்கர் ஒட்டு. இது எண்ணெய்க் கறை, தனியா வை. பிசிறு வெட்டு. திருப்பு. மடி.” சொன்னதும் கை வேலை செய்யும், கை செய்ததும் சொல் நிற்கும். ஜேம்ஸ் ஆஷர் என்பவர் இப்படிக் கட்டளை சொல்லி, உடம்பை அசைத்துச் செய்ய வைத்தே மொழி கற்பிக்கும் முறையை 1960-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்.

காதில் விழுந்தால் போதும் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்துக் கம்பெனியில் ஒரு பையன் திருப்பூருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. நாள் முச்சூடும் ஷெட்டில் தமிழ்ப் பாட்டு அலறுகிறது. ஆனால் வேலை சொல்வது இந்தியில், தங்குவது சொந்த ஊர்க்காரர்களோடு. அவனுக்குத் தெரிந்த தமிழ் சரி, சம்பளம், லீவு. அவனிடம் நின்று, பொருளைக் காட்டி, மெதுவாகப் பேச நாலு வருஷத்தில் ஒருத்தருக்கும் நேரமில்லை. அவனை மக்கு என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கிராஷன் சொல்வது மட்டுமே போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பொண்ணு எல்லாம் புரிந்துகொண்ட பிறகும் ரொம்ப நாள் “நான் வந்துச்சு” என்றுதான் சொன்னாள். கனடாவில் இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பிரெஞ்சு வழியில் படித்து, கேட்பதெல்லாம் நன்றாகப் புரிந்தும், பேச்சில் தப்பு நின்றுவிட்டதை மெரில் ஸ்வைன் என்ற மொழி ஆய்வாளர் கவனித்தார். பேச வேண்டிய கட்டாயமும் வேண்டும் என்று 1985-ல் எழுதினார். இவளுக்கு அந்தக் கட்டாயம் ஒரு சனிக்கிழமை வந்தது. சம்பளத்தில் அரை ஷிப்ட் விட்டுப்போயிருந்தது. என் வீட்டுக்காரரிடம் போய், எந்த நாள், எத்தனை மணி வரைக்கும் என்று விரல் விட்டுச் சொல்லி, “நான் வந்தேனுங்க” என்றாள். சம்பள நோட்டைப் பார்த்தோம், தப்பு எங்கள் பேரில்தான். அன்றைக்கே கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ‘வந்துச்சு’ குறைந்துவிட்டது.

என் பையன் ஆறாவது படிக்கிறான். தடித் தடியாக இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததை நிறுத்திவிட்டேன். துணையில்லாமல் கதை படித்துப் புரிந்துகொள்ள நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் சொல்கிறார்கள். அவன் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ளவர்களுக்கான புத்தகம் கொடுத்தேன். இப்போது அவனே அடுத்தது கேட்கிறான்.

நானும் ஒடியா கேட்கிறேன். பேசுவதில்லை, கேட்கிறேன். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து அவள் பக்காள என்றாள். எங்கள் பழைய சோறுதான். தண்ணீர் பாணி, உப்பு லுண. கையில் எடுத்துக் காட்டித்தான் சொன்னாள்.

இந்த ஆடியில் ஊருக்குப் போனவள் பத்து நாள் கழித்து அத்தைக்குப் போன் செய்தாள். காட்டுவதற்கு உப்பில்லை, சட்டியில்லை, கையில்லை. அத்தை போனைக் காதில் அழுத்திக்கொண்டு, “சோறுண்டயா கண்ணு? அம்மா நல்லாருக்குதா? சத்தமாச் சொல்லு” என்று ரொம்ப நேரம் பேசினார். வைத்ததும் என் பக்கம் திரும்பி, “அங்க நல்ல மழையாமா. நெல்லு நட்டுட்டாங்களாமா. அவ தம்பி மட்டும் காச்சல்ல படுத்திருக்கானாமா” என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.