ஸ்ட்ரெப்டோமைசிஸில் விடுபட்ட நொதிகளைத் தேடி: வரிசை ஒப்பீட்டு நாட்குறிப்பு

ஜூன் 3, 2024

ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்னும் மண் பாக்டீரியத்தின் அமினோ அமிலத் தொகுப்புப் பாதைகளை (நொதிகள் படிப்படியாக அமினோ அமிலங்களை ஆக்கும் வழிகளை) சரிபார்க்கும் வேலையை ஹிஸ்டிடினிலிருந்து தொடங்கினேன். இதன் மரபணுத்தொகை 2002இல் வெளியானது. ஏறத்தாழ 87 லட்சம் கார இணைகள், 7,800க்கும் மேற்பட்ட மரபணுக்கள். சர்க்கரையும் உப்புகளும் மட்டுமே கொண்ட ஊடகத்தில் இது வளர்ந்துவிடுவதால், 20 அமினோ அமிலங்களையும் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே ஏதேனும் ஒரு நொதி கிடைக்காவிட்டால், அது செல்லில் இல்லை என்று பொருளன்று; நம் தேடலுக்கு அகப்படவில்லை என்றே பொருள்.

நன்கு ஆராயப்பட்ட குடல் பாக்டீரியமான ஈ. கோலையின் ஹிஸ்பி என்னும் ஹிஸ்டிடின் பாதைப் புரதத்தைக் கொடுத்து, ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் நிரலை ஓட்டியதும் மிக வலுவான பொருத்தம் ஒன்று வந்தது. மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், அந்தப் பொருத்தம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதையும் பார்த்தேன். ஈ. கோலையின் ஹிஸ்பி 355 அமினோ அமிலங்கள் கொண்ட, இரண்டு வேலை செய்யும் புரதம். அதன் முன்பகுதி ஹிஸ்டிடினால் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. பின்பகுதி, அதற்கு முந்தைய வேறொரு படியில் நீரை நீக்குகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸின் புரதமோ சுமார் 200 அமினோ அமிலங்களே கொண்டது, பொருத்தமும் முழுக்கப் பின்பகுதியில்தான் இருக்கிறது. ஈ. கோலையின் பெயர்க்குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டினால், இந்தப் புரதத்தில் இல்லாத பாஸ்பேட்டேஸ் ஒன்று பட்டியலில் குடியேறிவிடும்.

ஜூன் 5, 2024

அப்படியானால் அந்தப் பாஸ்பேட்டை நீக்குவது எது? இந்த ஒரு வினைக்கு மட்டும் பாக்டீரிய உலகில் ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று புரதக் குடும்பங்கள் இருக்கின்றன. ஈ. கோலையின் முன்பகுதி ஒரு குடும்பம். பாசிலஸ் சப்டிலிஸின் ஹிஸ்ஜே இன்னொன்று. கோரினிபாக்டீரியம் குளூட்டாமிகத்தில் 2006இல் அடையாளம் காணப்பட்ட ஹிஸ்என் மூன்றாவது. இந்த மூன்றாவது, இனோசிட்டால் மோனோபாஸ்பேட்டேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈ. கோலையின் வரிசையை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு மற்ற இரண்டும் ஒருபோதும் தட்டுப்படமாட்டா. எனவே ஆய்வகத்தில் செயல் நிறுவப்பட்ட புரதங்களுள், நம் உயிரிக்கு நெருங்கிய உறவினருடையதைத் தேடலுக்கு எடுப்பதே முறை. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குக் கோரினிபாக்டீரியம் அதே ஆக்டினோபாக்டீரியக் கிளையில் வருவது.

ஹிஸ்என்னைக் கொடுத்துத் தேடினால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. இக்குடும்பத்தின் உறுப்பினர்கள் வெவ்வேறு பாஸ்பேட்டுகளை வெட்டுகிறார்கள். பங்காளிகள் என்பதற்காக எல்லோரும் ஒரே தொழில் செய்ய வேண்டும் என்பதில்லை. முதலில் வரும் பொருத்தத்தை ஏற்பதற்கு முன், அதைத் திருப்பிக் கோரினிபாக்டீரியத்தில் தேடி, அங்கும் ஹிஸ்என்னே முதலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் குடும்பத்தின் கிளைமரத்தை வரைந்து, அது எந்தக் கிளையில் அமர்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்றைய பொழுது அந்த மரத்திலேயே கழிந்தது.

ஜூன் 6, 2024

ஈ-மதிப்பை, அதாவது இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாகவே எத்தனை வரக்கூடும் என்று சொல்லும் எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். அது தரவுத்தளத்தின் அளவோடு சேர்ந்து மாறுவது. ஒரே பொருத்தம், பத்து மடங்கு பெரிய தரவுத்தளத்தில் பத்து மடங்கு பெரிய ஈ-மதிப்பைப் பெறும். ஆகவே என் அட்டவணையில் தரவுத்தளத்தின் அளவைச் சாராத பிட் மதிப்பெண்ணையும், இரு புரதங்களின் நீளத்தில் பொருத்தம் மூடும் விழுக்காட்டையும் முன்னால் வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, 2024

டிரிப்டோபன். பாதையின் மற்ற படிகளுக்கெல்லாம் ஆள் இருக்க, டிர்ப்எஃப் என்னும் ஐசோமெரேஸுக்கு (மூலக்கூறின் அணுக்களை மாற்றியடுக்கும் நொதிக்கு) மட்டும் மரபணுவே இல்லை. ஈ. கோலையில் இது அடுத்த படிக்கான டிர்ப்சி நொதியோடு ஒரே சங்கிலியாக ஒட்டியிருப்பதால் தேடலில் வலுவான பொருத்தம் கிடைக்கும், ஆனால் அது டிர்ப்சிக்கு உரிய பாதியில் மட்டுமே நிற்கும். ஹிஸ்பியில் பார்த்த அதே கதை.

இதற்கு விடை 2003இல் பரோனா-கோமஸும் ஹாட்ஜ்சனும் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. ஹிஸ்டிடின் பாதையில் ஹிஸ்ஏ என்று கருதப்பட்டுவந்த புரதமே இரண்டு பாதைகளிலும் வேலை செய்கிறது. அதற்கு அவர்கள் பிரிஏ என்று பெயரிட்டார்கள். இரண்டு வினைகளும் ஒரே வகை மறுசீரமைப்பு என்பதால் இது வேதியியலுக்குப் புறம்பானதன்று. காசநோய்க் கிருமியும் இப்படித்தான் சமாளிக்கிறது. ஆயினும் வரிசை ஒப்பீடு மட்டும் இதைச் சொல்லியிருக்காது என்பதே என் கணிப்பு: ஒப்பீடு ஹிஸ்ஏ என்று சொல்லும், அது பொய்யுமன்று, பாதி உண்மை. கோரினிபாக்டீரியத்தில் டிர்ப்எஃப் வேலைக்கு வேறொரு புரதம் இருக்கிறது. அங்குள்ள ஹிஸ்ஏ பிரிஏவை ஒத்திருந்தும் ஹிஸ்டிடின் வேலையோடு நின்றுவிட்டது. ஆகவே உறவு நெருக்கம்கூட இங்கே உத்தரவாதமாகாது.

ஜூன் 13, 2024

ஐசோலியூசினில் முதல் படி, திரியோனைனிலிருந்து அமினோ தொகுதியை நீக்கும் திரியோனைன் டிஅமினேஸ். ஈ. கோலையில் இந்த வினைக்கு இரண்டு புரதங்கள்: தொகுப்புக்கான ஐஎல்விஏ 514 அமினோ அமிலங்கள், சிதைவுக்கான டிடிசிபி 329. வினை நடக்கும் பகுதி இரண்டிலும் ஒத்திருக்கிறது. ஐஎல்விஏவின் வால்பகுதியில்தான் ஐசோலியூசின் வந்து ஒட்டி நொதியை நிறுத்துகிறது. (விளைபொருளே தன் பாதையை அடைக்கும் இந்தக் கட்டுப்பாட்டை அம்பார்கர் 1956இல் காட்டினார்.) நீளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லவும் முடியாது, ஏனெனில் பாசிலஸ் சப்டிலிஸின் ஐஎல்விஏ 422 அமினோ அமிலங்களே கொண்டது, வால் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன். அது திரியோனைனை விட்டுவிட்டு, பைருவேட்டிலிருந்து சிட்ராமலேட் வழியாக ஐசோலியூசினை ஆக்குகிறது. கதிரியக்கக் கரிமத் தடங்களை வைத்து 1974லேயே இப்படியொரு மாற்றுப் பாதை முன்வைக்கப்பட்டிருந்தது. மரபணுத்தொகை வந்தபின் 2004இல் அந்தப் பாதையின் முதல் படிக்கான சிம்ஏ நொதி உறுதியானது. வரிசையில் அது லியூசின் பாதையின் லியூஏவை அவ்வளவு ஒத்திருப்பதால், தானியங்கிக் குறிப்புகள் இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. என் அட்டவணையில் இனி லியூஏ குடும்பப் பொருத்தம் எதற்கும் நேராக நொதியின் பெயரை எழுதப்போவதில்லை. 'குடும்பம் தெரியும், வினைப்பொருள் உறுதியாகவில்லை' என்று தனிப் பத்தி சேர்த்துவிட்டேன். பிரிஏ, ஹிஸ்டிடின் பாதையிலும் டிரிப்டோபன் பாதையிலுமாக இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறது.